பார்சிலோனாவில் மிஞ்சும் அரை நாள்: சான்ட் பாவ், காசா விசென்ஸ், கொலோனியா குவெல் – எங்கே போகலாம்?

பார்சிலோனா பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் பலர் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கட்டடக்கலைஞர் அந்தோனி கௌடியின் புகழ்பெற்ற தேவாலயமான சக்ராதா ஃபமீலியாவுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. அவருடைய பூங்காவான பார்க் குவெல்லும் பட்டியலில் இருக்கிறது. இரண்டும் போக அரை நாள் மிஞ்சுகிறது. அந்த நேரத்தில் கூட்டம் நெருக்காத, அதே காலத்துக் கட்டடம் இன்னொன்றைப் பார்க்க ஆசை. தேடினால் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: சான்ட் பாவ் மருத்துவமனை, காசா விசென்ஸ், நகருக்கு வெளியே கொலோனியா குவெல் தேவாலயம். மூன்றும் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. மூன்றுமே 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், பார்சிலோனாவைத் தலைநகராகக் கொண்ட கத்தலோனியாவில் தழைத்த மாடர்னிஸ்மே பாணியைச் சேர்ந்தவை. நெசவாலைப் பணமும் வங்கிப் பணமும் சேர்ந்து, செங்கல், ஓடு, இரும்பு ஆகியவற்றைக் கொண்டு அந்த நகரத்தையே புதிதாக்கிய காலம் அது.

மூன்றையும் ஒரே நாளில் ஓடிப் பார்க்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். பார்க்கலாம்தான், ஆனால் மனதில் எதுவும் நிற்காது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிதானமாகப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். எந்த ஒன்று என்பதற்குத்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து முடிவு செய்வது

பொதுவாக டிக்கெட் விலையைத்தான் முதலில் பார்க்கிறோம். இங்கே அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் பார்க்க வேண்டியது, தங்கும் இடத்திலிருந்து கிளம்பித் திரும்பும் வரை ஆகும் மொத்த நேரம். அடுத்து, சக்ராதா ஃபமீலியாவில் பார்த்ததற்கு மேல் இந்த இடம் புதிதாக என்ன தருகிறது என்பது. நான் அதிக மதிப்பெண் தருவது இதற்குத்தான். பிறகு நடை, படிக்கட்டு, வெயில். வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதுவே முதல் கேள்வியாகிவிடும். கடைசியாகச் செலவு. நுழைவுக் கட்டணத்தோடு போக்குவரத்தையும், முன்பதிவில் சிக்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

| | சான்ட் பாவ் | காசா விசென்ஸ் | கொலோனியா குவெல் |
|---|---|---|---|
| வடிவமைத்தவர் | டொமெனெக் இ மொன்தனேர் | அந்தோனி கௌடி | அந்தோனி கௌடி |
| கட்டிய காலம் | 1902–1930 | 1883–1885 | 1908–1914, முடிவுறாதது |
| எங்கே | சக்ராதா ஃபமீலியாவிலிருந்து 10 நிமிட நடை | கிராசியா பகுதி, மெட்ரோ ஃபொன்தானா | நகருக்கு வெளியே, சான்தா கொலோமா தே செர்வெல்லோ |
| உள்ளே தேவைப்படும் நேரம் | ஒன்றரை முதல் இரண்டு மணி | ஒரு மணி, சற்றுக் கூடலாம் | தேவாலயம் ஒரு மணி, ஊர் ஒரு மணி |
| வாசல் முதல் வாசல் வரை | இரண்டரை மணி | இரண்டு மணி | நான்கு மணி |
| நுழைவுக் கட்டணம் | 20 யூரோவை ஒட்டி | 20 யூரோவை ஒட்டி | சுமார் 10 யூரோ |
| நடை, படி | நடை அதிகம், பெரும்பாலும் சமதளம் | நடை குறைவு, படிகள் உண்டு | நிலையத்திலிருந்து நடை, கொஞ்சம் ஏற்றம் |
| மழை நாளுக்கு | சுமார் | நல்லது | சரிப்படாது |

கட்டணங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். எதற்கு எது மலிவு என்று தெரிந்துகொள்ள மட்டும் மேலே உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். சரியான தொகையை அந்தந்த இடத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

## சான்ட் பாவ்: அழகு மருந்தாக இருந்த இடம்

சக்ராதா ஃபமீலியாவின் வாசலிலிருந்து சாய்வாக ஒரு சாலை போகிறது. வாகன நெரிசல் இல்லாத, இருபுறமும் கடைகள் உள்ள அவிங்குதா தே கௌடி. ஒரு முனையில் கௌடியின் கோபுரங்கள், மறுமுனையில் சான்ட் பாவின் சிவப்புச் செங்கல் முகப்பு. நடந்தால் பத்து நிமிடம். தேவாலயத்தைச் சுற்றி முட்டி மோதும் கூட்டத்தில் பெரும்பாலோர் இந்தப் பத்து நிமிடத்தை நடப்பதே இல்லை.

இதன் வேர் 1401இல் இருக்கிறது. நகரத்தின் ஆறு மருத்துவமனைகள் அந்த ஆண்டு ஒன்றாக இணைக்கப்பட்டு, ராவல் பகுதியில் சான்தா க்ரேயு மருத்துவமனை உருவானது. 19ஆம் நூற்றாண்டின் முடிவில் அந்த இடம் போதவில்லை. பாவ் கில் என்ற வங்கியாளர் ஒரு புதிய மருத்துவமனை கட்டுவதற்குச் சொத்தை எழுதி வைத்துவிட்டு 1896இல் பாரிஸில் காலமானார். அந்தப் பணத்தில் 1902இல் வேலை தொடங்கியது. அவர் பெயரின் முதலெழுத்துகளைக் கட்டடம் முழுக்கக் காணலாம். தேடிப் பிடிப்பதற்குக் குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு.

கட்டடக்கலைஞர் டொமெனெக் எடுத்த முடிவுகள் ஒவ்வொன்றுக்கும் நோயாளிதான் காரணம். பெரிய ஒரே கட்டடமாகக் கட்டினால் காற்று தேங்கும், தொற்று பரவும். அதனால் வார்டுகளைத் தனித்தனிக் கட்டடங்களாகப் பிரித்து, நடுவே தோட்டம் வைத்தார். நகரத்தின் சதுரக் கட்டங்களோடு ஒட்டாமல் வளாகத்தையே 45 பாகை திருப்பி, வெயிலும் கடல்காற்றும் உள்ளே வரும்படி செய்தார். சுவர்களிலும் கூரையிலும் ஓடு பதித்தது கண்ணுக்கு அழகு என்பதற்காக மட்டுமில்லை, கழுவினால் சுத்தமாகும் என்பதற்காகவும்தான். தோட்டத்துக்கு அடியில் சுரங்கப் பாதைகள் ஓடுகின்றன. மழையிலும் வெயிலிலும் நோயாளிகளை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு இவற்றின் வழியாகத்தான் கொண்டுபோனார்கள். நுழைவின் நேர்கோட்டில் நடுவே நிற்பது அறுவை சிகிச்சைக் கட்டடம். வெளிச்சத்துக்காகப் பெரிய கண்ணாடிப் பரப்பு வைத்திருக்கிறார்கள். ஆண்களின் வார்டுகள் ஒரு பக்கம், பெண்களின் வார்டுகள் மறுபக்கம்.

48 கட்டடங்கள் திட்டமிடப்பட்டன. 27தான் எழுந்தன. டொமெனெக் 1923இல் இறந்த பிறகு மகன் பெரே டொமெனெக் இ ரௌரா வேலையைத் தொடர்ந்து முடித்தார். 1930இல் திறப்பு விழா. 2009 வரை இங்கே உண்மையாகவே நோயாளிகள் படுத்திருந்தார்கள். பக்கத்தில் புதிய கட்டடம் வந்த பிறகுதான் இது காலியானது. பழுதுபார்த்து 2014இல் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். சான்ட் ரஃபேல் கட்டடத்தில் அந்தக் காலத்து வார்டு எப்படி இருந்தது என்று காட்டியிருக்கிறார்கள். அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்து கூரையைப் பாருங்கள். படுத்திருப்பவரின் கண் போகும் இடம் அதுதான்.

ஒரு செய்தியைத் திருத்திக்கொள்வது நல்லது. 1926 ஜூன் 7 அன்று கௌடி டிராம் மோதி விழுந்தார். எளிய உடையில் இருந்ததால் யார் என்று தெரியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 10ஆம் தேதி உயிர் பிரிந்தது. சான்ட் பாவில் இறந்தார் என்று சில வழிகாட்டிகள் சொல்வார்கள். அவர் இறந்தது ராவலில் இருந்த பழைய சான்தா க்ரேயுவில். அந்தக் கட்டடத்தில்தான் இப்போது கத்தலோனியாவின் தேசிய நூலகம் இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு என்ன? எல்லாக் கட்டடங்களுக்குள்ளும் போக முடியாது. பல கட்டடங்களில் உலக சுகாதார அமைப்பின் ஒரு பிரிவு உட்பட அலுவலகங்கள் இயங்குகின்றன. உள்ளே பார்க்கக் கிடைப்பது நிர்வாகக் கட்டடம், சில வார்டுகள், சுரங்கப் பாதை. ‘27 கட்டடம்’ என்று படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இது ஏமாற்றம்தான். ஜூலை, ஆகஸ்ட் நடுப்பகலில் கட்டடத்துக்குக் கட்டடம் வெயிலில் நடக்க வேண்டியிருக்கும். காலையிலேயே போய்விடுவது உத்தமம்.

யாருக்கு: முதல்முறை வருகிறவர்கள், பெற்றோரைக் கூட்டிவருகிறவர்கள், சக்ராதா ஃபமீலியாவுக்கு அதே நாளில் டிக்கெட் வைத்திருப்பவர்கள், மருத்துவத் துறையில் இருப்பவர்கள். கடைசியில் சொன்னவர்களுக்கு யோசனையே வேண்டாம்.

## காசா விசென்ஸ்: முதல் வீடு

கௌடி 1852இல் பிறந்தவர். முப்பதை ஒட்டிய வயதில் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வீட்டு வேலை இது. மனேல் விசென்ஸ் என்பவருக்கான கோடை வீடு. அப்போது கிராசியா தனி ஊர். பார்சிலோனாவோடு சேர்ந்தது 1897இல்தான்.

பின்னாளைய கௌடியின் வளைவுகளை இங்கே தேடாதீர்கள். நேர்கோடுகளும், பச்சை வெள்ளை ஓடுகளின் சதுரங்கக் கட்டங்களும், மேலே மூரிஷ் (ஸ்பெயினின் பழைய இஸ்லாமிய) பாணிக் கோபுரங்களும்தான் கண்ணில் படும். நம் ஊரில் மாலை கட்டும் செண்டுமல்லி இனத்துப் பூக்கள் அந்த மனையில் பூத்துக் கிடந்தனவாம். அதே பூவை ஓட்டில் வரைந்து சுவர் முழுக்கப் பதித்திருக்கிறார். வெளிவேலி குட்டைப் பனையின் ஓலை வடிவில் இரும்பில் வார்க்கப்பட்டது. உள்ளே சாப்பாட்டு அறையில் பறவைகள், கொடிகள். சிறிய புகைபிடிக்கும் அறையின் கூரை தேன்கூடுபோல் தொங்கும் நீலநிற வேலைப்பாடு. கடைசியில் மாடிக்கு ஏறிக் கோபுரங்களுக்கு நடுவே நடக்கலாம்.

2017 நவம்பரில்தான் இந்த வீடு பொதுமக்களுக்குத் திறந்தது. அதுவரை தனியார் வீடு. அதனால் கௌடியின் மற்ற வீடுகளைப் போல இது பேர் வாங்கவில்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். 1925இல் வேறொரு கட்டடக்கலைஞர் இந்த வீட்டை ஏறத்தாழ இரட்டிப்பாக விரித்தார். நீங்கள் நடக்கும் பரப்பில் ஒரு பெரிய பகுதி அந்தச் சேர்க்கை. அங்கே இருப்பது கண்காட்சி. கௌடியின் அறைகள் என்று எண்ணினால் குறைவுதான். ஒரு காலத்தில் பெரிதாக இருந்த தோட்டமும் துண்டு துண்டாக விற்கப்பட்டுச் சுருங்கிவிட்டது. சான்ட் பாவுக்கு ஆகும் அதே கட்டணத்துக்கு இங்கே கிடைப்பது பாதி நேரம். முகப்பு தெருவை ஒட்டியே இருப்பதால் பாதி அழகை நடைபாதையில் நின்று காசில்லாமல் பார்த்துவிடலாம். வெளிப்புறம் மட்டும் போதும் என்பவர்கள் அப்படியே செய்யுங்கள், தவறே இல்லை.

யாருக்கு: இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்பவர்கள், மழையில் மாட்டிக்கொண்டவர்கள், கௌடியின் பிற்கால வீடுகளான காசா பட்லோவையும் காசா மிலாவையும் ஏற்கெனவே பார்த்துவிட்டு அவர் எங்கே தொடங்கினார் என்று அறிய விரும்புகிறவர்கள். ஓடு, துணி வடிவமைப்பு, உள்ளலங்காரம் ஆகியவற்றில் ஈடுபாடு உள்ளவர்களுக்கும் பிடிக்கும். பார்த்து முடித்து அப்படியே கிராசியாவின் சின்னச் சதுக்கங்களில் மாலையைக் கழிக்கலாம்.

## கொலோனியா குவெல்: கணக்கு தொங்கிய இடம்

மூன்றில் போவதற்குச் சிரமமானது இது. எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எவுசெபி குவெல் நெசவாலை முதலாளி, கௌடியின் புரவலர். நகரத்துத் தொழிலாளர் கொந்தளிப்பிலிருந்து விலகி, 1890இல் ஆலையை சான்தா கொலோமா தே செர்வெல்லோவுக்குக் கொண்டுவந்தார். ஆலையோடு தொழிலாளர் வீடுகள், பள்ளி, கடை, கூட்டுறவுச் சங்கம், நாடக அரங்கு எல்லாம் கொண்ட ஒரு முழு ஊரே எழுந்தது. அந்த ஊருக்கு ஒரு தேவாலயம் வேண்டும் என்று 1898இல் கௌடியிடம் ஒப்படைத்தார். அடிக்கல் நாட்டியது 1908இல். நடுவில் போன பத்து ஆண்டுகள் மாதிரி செய்வதிலேயே கழிந்தன.

அந்த மாதிரியைப் புரிந்துகொண்டால்தான் இந்தப் பயணத்துக்கு அர்த்தம். ஒரு சங்கிலியின் இரு முனைகளையும் இரண்டு கைகளில் பிடித்துத் தொங்கவிடுங்கள். அது ஒரு வளைவாக நிற்கும். அந்த வளைவில் இருப்பது இழுவிசை மட்டும். அதே வளைவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கல்லில் கட்டினால், இழுப்பு அத்தனையும் அழுத்தமாக மாறும். கல்லும் செங்கல்லும் இழுத்தால் பிளந்துவிடும், அழுத்தினால் தாங்கும். அதனால் அந்த வளைவு முட்டுக்கொடுக்காமலேயே நிற்கும். கௌடி பத்தில் ஒரு பங்கு அளவில் நூல்களைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, எங்கெங்கே எவ்வளவு பாரம் வருமோ அங்கெல்லாம் ஈயக் குண்டுகள் நிரப்பிய சிறு பைகளைக் கட்டினார். ஒரு பையை மாற்றினால் எல்லா நூலும் அசைந்து புது வடிவம் எடுக்கும். அதைப் புகைப்படம் எடுத்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் தேவாலயம் தெரியும். கணிப்பொறி இல்லாத காலத்தில் ஈர்ப்புவிசையையே கணக்குப் போட வைத்திருக்கிறார்.

சக்ராதா ஃபமீலியாவில் மரம்போல் சாய்ந்து கிளைவிடும் தூண்களைப் பார்த்து வியக்கிறோம் இல்லையா, அந்தச் சிந்தனை முளைத்த இடம் இது. இங்கே தூண்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. நடுவில் நான்கு கருங்கல் தூண்கள், பாரம் வரும் திசைக்கேற்பச் சாய்ந்து நிற்கின்றன. மற்றவை செங்கல். முன்மண்டபத்தின் கூரை முறுக்கிய பரப்புகளால் ஆனது. பூவிதழ் வடிவ வண்ண ஜன்னல்களுக்கு முன்னே உள்ள கம்பி வலையில் ஆலையின் பழைய தறி ஊசிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். புனித நீர் வைக்க ராட்சதச் சிப்பிகள். மரமும் இரும்பும் சேர்ந்த பெஞ்சுகளும் கௌடி வடிவமைத்தவையே.

1914இல் குவெல் குடும்பம் பணத்தை நிறுத்தியது. கீழ்ப்பகுதி மட்டும் முடிந்த நிலையில் 1915இல் அதை வழிபாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். மேலே எழ வேண்டிய தேவாலயம் எழவேயில்லை. வரைபடத்தில் இருந்த உயரமான கோபுரங்களை நினைத்துக்கொண்டு, அங்கே போகக் கட்டிய படிக்கட்டில் ஏறி நின்றால் பைன் மரங்களும் வானமும்தான். முடிந்த கட்டடங்கள் சொல்லாத பலவற்றை இந்த முடியாத கட்டடம் காட்டுகிறது. செங்கல் அடுக்கு, இணைப்பு, பாரம் இறங்கும் பாதை எல்லாம் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கின்றன. மேலே கோபுரம் இல்லாததால் கண் அங்கே ஓடாது.

தேவாலயம் முடிந்தவுடன் திரும்பிவிடாதீர்கள். ஊரைச் சுற்ற இன்னொரு மணி நேரம் வையுங்கள். ஆலை 1973இல் மூடியது, ஆனால் வீடுகளில் மக்கள் இன்னும் வாழ்கிறார்கள். கௌடியின் உதவியாளர்களான பெரெங்கேரும் ஜுவான் ரூபியோவும் கட்டிய செங்கல் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. ரூபியோவின் கா லெஸ்பினால் வீட்டை விட்டுவிடாதீர்கள்.

சரி, செலவு. நுழைவுக் கட்டணம் மற்ற இரண்டில் பாதி. அதை நம்பி ‘மலிவு’ என்று முடிவு செய்ய வேண்டாம். நகரில் உள்ள பிளாசா எஸ்பான்யா நிலையத்திலிருந்து எஃப்ஜிசி (கத்தலோனிய அரசின் ரயில் சேவை) ரயிலில் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். எஸ்3, எஸ்4, எஸ்8, எஸ்9 தடங்கள் கொலோனியா குவெல் நிலையத்தில் நிற்கும். வேகமாகப் போகும் சில ரயில்கள் நிற்காது, பலகையில் நிலையப் பெயரைப் பார்த்து ஏறுங்கள். இறங்கியதும் தரையில் வரைந்த நீலப் பாதச்சுவடுகள் வழிகாட்டும். தங்குமிடத்திலிருந்து பிளாசா எஸ்பான்யா வர ஆகும் நேரம், ரயிலுக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் அரை நாள் முழுதாகப் போய்விடும். கையில் இருக்கும் சுற்றுலாப் பயண அட்டை அந்த நிலையம் வரை செல்லுமா என்பதை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். டி-கஷுவல் என்ற பத்துப் பயணச் சீட்டை ஒருவர்தான் பயன்படுத்தலாம், நான்கு பேர் பகிர முடியாது. குடும்பமாகப் போனால், பலர் பகிரக்கூடிய டி-ஃபமிலியார் சீட்டு பொருத்தம். வெளியேறும்போதும் சீட்டு தேவைப்படும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, இது இன்றும் வழிபாடு நடக்கும் தேவாலயம். ஞாயிறு திருப்பலி, திருமணம் என்றால் அந்த நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். வாரநாள் காலைதான் நல்லது.

யாருக்கு: சக்ராதா ஃபமீலியாவைப் பார்த்துவிட்டு ‘இது எப்படி நிற்கிறது?’ என்று கேள்வி எழுந்தவர்கள், பொறியியல் அல்லது கட்டடக்கலை மாணவர்கள், இரண்டாம் முறை வருகிறவர்கள், நகரத்தின் கூட்டத்தில் களைத்துப்போனவர்கள்.

## சரி, எதை எடுப்பது?

உங்களுக்கு நகரம் புதிது, மொத்தம் மூன்று நாள்தான், கூட வருகிறவர்களில் எல்லோருக்கும் கட்டடத்தில் ஒரே அளவு ஆர்வம் இல்லை என்றால் சான்ட் பாவ். யாரும் அதைப் பார்த்துவிட்டு வீண் என்று சொல்லமாட்டார்கள்.

நான்கு நாளோ அதற்கு மேலோ இருக்கிறது, கௌடிதான் உங்களை அங்கே இழுத்தது என்றால் கொலோனியா குவெல். காசா விசென்ஸா இதுவா என்று கேட்டால், கௌடிக்காகப் போகிறவர் ரயில் ஏறுவதே மேல் என்பேன். காசா விசென்ஸ் அவர் இளமையில் எவற்றையெல்லாம் விரும்பினார் என்று காட்டுகிறது. கொலோனியா குவெல் அவர் எப்படி யோசித்தார் என்று காட்டுகிறது. ஒரு சின்ன யோசனை: முதலில் கொலோனியா குவெல், மறுநாள் சக்ராதா ஃபமீலியா என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்ராதா ஃபமீலியாவின் அருங்காட்சியகத்தில் நூல் மாதிரியின் மறுஆக்கம் ஒன்று தொங்குகிறது. பலரும் கடந்து போய்விடும் அந்த நூல்கள் உங்களுக்கு மட்டும் புரியும்.

காசா விசென்ஸ் சரியான தேர்வாவது நேரமோ வானிலையோ கட்டாயப்படுத்தும்போதும், பார்க் குவெல்லோடு ஒரே நாளில் சேர்க்கும்போதும்தான். இரண்டும் நகரின் ஒரே பக்கம். வீட்டைப் பார்த்துவிட்டு லெசெப்ஸ் வழியாகப் பூங்காவுக்கு ஏறிவிடலாம்.

இந்த மூன்றைத் தவிர, லா ராம்ப்லா வீதியை ஒட்டி கௌடி கட்டிய மாளிகையான பலாவ் குவெல்லும் (1886–1890) மலையடிவாரத்தில் அவர் கட்டிய பெல்லஸ்குவார்த் வீடும் உண்டு. நடு நகரத்தில் தங்கி, வேறெங்கும் போக முடியாதவர்களுக்கு பலாவ் குவெல் நல்ல மாற்று.

## முன்பதிவு செய்யும்போது

பெயர்க் குழப்பத்தில்தான் பலரும் பணத்தை விடுகிறார்கள். பார்க் குவெல், பலாவ் குவெல், கொலோனியா குவெல் மூன்றும் வெவ்வேறு இடங்கள், வெவ்வேறு டிக்கெட். ‘கௌடி பூங்கா’ என்று எண்ணி கொலோனியாவுக்குப் பதிவு செய்தால் நகருக்கு வெளியே போய்த்தான் தெரியவரும். சான்ட் பாவிலும் இதே சிக்கல் உண்டு. பின்பக்கம் இயங்கும் புதிய மருத்துவமனைக்கும் அதே பெயர், ஆகவே வாடகைக் காரில் ஏறும்போது பழைய மாடர்னிஸ்மே வளாகம் என்று தெளிவாகச் சொல்லுங்கள், அல்லது எல்5 மெட்ரோவில் சான்ட் பாவ் நிலையத்தில் இறங்கிவிடுங்கள். வரைபடத்தில் ‘சான்ட் பாவ் தெல் காம்ப்’ என்று வந்தால் அது ராவலில் உள்ள பழைய ரொமனெஸ்க் (இடைக்காலப் பாணி) தேவாலயம். அதுவும் பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் மருத்துவமனை டிக்கெட்டோடு அங்கே போய் நிற்க வேண்டாம்.